விரிசலைக் கண்டுபிடிப்பது குற்றமா?

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தச் செய்தி வந்துவிடும். ஏதோ ஒரு ரக விமானத்தில் விரிசல் காணப்பட்டிருக்கிறது. அந்த ரகத்தைச் சேர்ந்த விமானங்களை இத்தனை நாளுக்குள் ஆய்வு செய்தாக வேண்டும் என்று விமானப் பாதுகாப்பு அமைப்பு கட்டாய ஆணை பிறப்பித்திருக்கிறது. அன்று மாலையே விவாதம் சூடுபிடிக்கும். விரிசல் விட்ட விமானத்திலா இத்தனை நாள் நம்மை ஏற்றினார்கள்? காலாவதியான விமானங்களை இன்னும் ஏன் ஓட்டுகிறார்கள்? ஆய்வு எதற்கு, மொத்தத்தையும் நிறுத்த வேண்டியதுதானே? படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். விரிசல் என்றால் மோசடி, ஆய்வு ஆணை என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி என்பது ஊர் முழுக்கப் பரவிவிட்ட கருத்து.

விமானப் பராமரிப்புக் கூடங்களில், நாங்கள் ஹேங்கர் என்று சொல்லும் இடத்தில், முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அண்மையில் என் அண்ணன் மகள் கைக்குழந்தையோடு வெளிநாடு கிளம்பினாள். முந்தின இரவு தொலைபேசியில் கேட்டாள்: "சித்தப்பா, நாங்க போற விமானத்துல விரிசல் எதுவும் இருக்காதுல்ல?" இருக்காது என்று சொல்லி அவளைத் தூங்கவைத்திருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "இருக்கலாம்மா. ஆனா அதைத் தேடிக்கிட்டே இருக்காங்க. அதனாலதான் தைரியமாப் போன்னு சொல்றேன்" என்றேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. அந்த மௌனத்துக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரிசலைத் தேடுவதும் கண்டுபிடிப்பதும் விமானப் பாதுகாப்பின் அன்றாட வேலை. கண்டுபிடித்த செய்தியை அவமானச் செய்தியாக்கும்போது, அடுத்த விரிசலைக் கண்டுபிடிக்க வேண்டியவனின் கண்ணை நாமே கட்டுகிறோம். நம் கோபம் நியாயமானதுதான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய வாசல் வேறு.

நல்ல விமானத்தில் விரிசல் வராது என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்குவோம். இந்தத் தவறான எண்ணத்துக்கு அதுவே வேர். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் வெளியே மூச்சுவிடக் காற்று போதாது. அதனால் விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். அந்த அழுத்தம் உடலின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்து டன்னுக்கும் மேலான விசையோடு வெளியே தள்ளுகிறது. அதைத் தாங்கி நிற்கும் அலுமினியத் தகடு, பழைய போயிங் 737 விமானத்தின் கூரைப் பகுதியில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. ஏறும்போது உடல் உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. இந்த ஒரு ஏற்ற இறக்கத்தை ஹேங்கரில் ஒரு சைக்கிள் என்போம். ஒரு தடவை, நூறு தடவை என்றால் தகட்டுக்கு ஒன்றுமில்லை. பத்தாயிரம், ஐம்பதாயிரம் தடவை என்று போகும்போது ரிவெட் துளைகளின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு புள்ளியில், உலோகம் விட்டுக்கொடுக்கத் தொடங்குகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம்மவர்கள் சொன்னதைத்தான் பொறியியல் உலோகச் சோர்வு என்கிறது. திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும் அலுமினியம் எதுவும் இதிலிருந்து தப்புவதில்லை. தயாரிப்பாளர் யோக்கியரா இல்லையா என்பதைப் பார்த்து அது விரிசல் விடுவதுமில்லை.

இந்தப் பாடத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1954 ஜனவரி 10 அன்று, சிங்கப்பூரிலிருந்து கல்கத்தா, கராச்சி வழியாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த காமெட் ஜெட் விமானம், ரோமிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் எல்பா தீவருகே வானிலேயே சிதறியது. 35 பேர் இறந்தார்கள். காமெட்டுகள் நிறுத்தப்பட்டன. காரணம் என்னவாக இருக்கலாம் என்று ஊகித்து, ஊகத்துக்கேற்ற மாற்றங்களைச் செய்து, மார்ச் மாதத்தில் மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8 அன்று இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தது. 21 பேர் போனார்கள். அதன் பிறகுதான் பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஒரு முழு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே நீரை அழுத்தியும் தளர்த்தியும் ஆயிரக்கணக்கான பயணங்களை நடத்திக் காட்டினார்கள். ஏற்கெனவே பறந்திருந்ததையும் சேர்த்துச் சுமார் 3,000 சைக்கிள்களில் உடல் பிளந்தது. திறப்பின் மூலையில் பிறந்த சோர்வு விரிசலே காரணம். இரண்டு விபத்துகளுக்கும் நடுவில் யாரும் சும்மா இருக்கவில்லை. தேட வேண்டியதைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

காமெட்டுக்குப் பிறகு வடிவமைப்பாளர்கள் ஒரு பாகம் உடைந்தால் பக்கத்துப் பாகம் சுமையைத் தாங்கும்படி கட்டத் தொடங்கினார்கள். அதுவும் போதவில்லை. 1977 மே 14 அன்று ஜாம்பியாவின் லுசாகாவில் தரையிறங்க வந்த போயிங் 707 சரக்கு விமானத்தின் வாலின் கிடைமட்டப் பகுதி பிய்ந்து விழுந்தது. அதிலிருந்த ஆறு பேரும் இறந்தார்கள். மாற்றுப் பாகம் இருந்தது. ஆனால் முதல் பாகத்தில் விரிசல் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஆய்வு அட்டவணையில் இல்லை. அடுத்த ஆண்டே, 1978இல், அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.ஏ.ஏ. விதியை மாற்றியது. அந்த விதியின் சாரம் எளிது. விரிசல் வரும் என்றே வைத்துக்கொள். எங்கே வரும், எவ்வளவு வேகத்தில் வளரும், எந்த நீளத்தில் ஆபத்தாகும் என்று கணக்கிடு. கண்ணுக்குச் சிக்கும் அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் நடுவே இருக்கும் காலத்தில் குறைந்தது இரண்டு தடவையாவது தேடும்படி அட்டவணை போடு. ஒரு தடவை தவறினாலும் மறு தடவை சிக்கும். இன்று நம்மைச் சுமந்து பறக்கும் பெரிய பயணி விமானங்கள் இந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கின்றன. விரிசலே வராது என்று எந்த வடிவமைப்பாளரும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கப்பட்ட வாக்கு, உரிய நேரத்தில் தேடுவோம் என்பதுதான்.

தேடுவது எப்படி என்பதை அருகிலிருந்து சொல்கிறேன். கழற்றிய பாகத்தைக் கழுவித் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் காயவைத்து, சிவப்புச் சாயத்தை மேலே அடிப்போம். டை பெனிட்ரன்ட் என்பது அதன் பெயர். கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும். பொறுமையில்லாதவனுக்கு இந்த வேலை ஆகாது. பிறகு சாயத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தூவுவோம். பாகம் வெள்ளை வெளேரென்று இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். விரிசல் இருந்தால், உள்ளே ஒளிந்திருந்த சாயம் மெல்லக் கசிந்து, குங்குமத்தில் நனைத்த நூல் போல ஒரு கோடு அந்த வெள்ளையில் எழும். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். ரிவெட் வரிசைகளுக்கு வேறு முறை. எடி கரன்ட் கருவியின் பென்சில் போன்ற முனையை, முதலில் செயற்கையாகக் கீறிய மாதிரித் தகட்டில் வைத்து அளவு சரிபார்த்துவிட்டு, ஒவ்வொரு ரிவெட் தலையையும் சுற்றி ஓட்ட வேண்டும். திரையில் ஒரு புள்ளி அமைதியாக நிற்கும். அது துள்ளினால் கை நின்றுவிடும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்குச் சரி. ரிவெட் வரிசையில் ஒவ்வொரு சோற்றையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

அடுத்த வாதம், பழைய விமானங்களைக் கழித்துக்கட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் விரிசல் ஆண்டுக் கணக்குப் பார்ப்பதில்லை. ஏர்பஸ் ஏ380 பயணிகள் சேவைக்கு வந்தது 2007இல். அதன் இறக்கைகளுக்குள் இருக்கும் குறுக்கு விலாக்களின் இணைப்புகளில் விரிசல் இருப்பதாகச் சொல்லி ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பு ஆணை பிறப்பித்தது 2012 ஜனவரியில். முதலில் 20 விமானங்கள். அடுத்த மாதமே சேவையில் இருந்த 68 விமானங்களும். அன்று புதிதாகவே இருந்த, உலகின் மிகப் பெரிய பயணி விமானம் அது. தேர்ந்தெடுத்த உலோகக் கலவையும், பொருத்தும்போது ஏற்பட்ட இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை. அந்த விரிசல்கூட முதலில் எப்படித் தெரிந்தது? 2010 நவம்பரில் எஞ்சின் வெடித்துச் சேதமான ஒரு ஏ380ஐப் பழுதுபார்த்தபோது, இறக்கையைத் திறந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டது. திறந்தார்கள், அதனால் தெரிந்தது.

ஜப்பானில் 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 பேரைப் பலிகொண்ட போயிங் 747 விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொன்றது முதுமை இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன், 1978இல், வால் தரையில் உரசியதற்குச் செய்த பழுதுபார்ப்பு. பின்பக்க அழுத்தத் தடுப்பை இணைக்க ஒரே தகடாக வைத்திருக்க வேண்டியதை இரண்டாக வெட்டி வைத்தார்கள். சுமையை ஒரே ஒரு ரிவெட் வரிசை தாங்கியது. 12,000 பறப்புகளுக்கு மேல் தாங்கிவிட்டு அது கிழிந்தது. ஆக, கேட்க வேண்டியது வயது எவ்வளவு என்பதில்லை. எத்தனை சைக்கிள், எங்கே, யார், எப்படித் தைத்தார்கள், தைத்த இடத்தைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்பதுதான். ஒழுங்காகத் தேடப்படும் முப்பது வயது விமானத்தில் என் அண்ணன் மகளை ஏற்றுவேன். தேடப்படாத ஐந்து வயது விமானத்தில் ஏற்ற மாட்டேன்.

மூன்றாவது வாதம், ஒன்றில் விரிசல் என்றால் அத்தனையையும் நிறுத்து என்பது. 2019இல் இந்தக் குரல் உலகெங்கும் கேட்டது. ஒரு போயிங் 737 பயணி விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றும்போது, இறக்கையையும் உடலையும் பிணைக்கும் 'பிக்கிள் ஃபோர்க்' என்ற கவை போன்ற பாகத்தில் விரிசல் தெரிந்தது. 90,000 சைக்கிள் தாங்கும் என்று கணக்கிடப்பட்ட பாகம் அது. எஃப்.ஏ.ஏ. உடனே ஆணை போட்டது: 30,000 சைக்கிளைத் தாண்டியவற்றை ஏழு நாளுக்குள் பார், 22,600 முதல் அந்த அளவு வரை பறந்தவற்றை அடுத்த 1,000 சைக்கிளுக்குள் பார். முதலில் சோதித்த 810 விமானங்களில் 38இல் விரிசல் இருந்தது. அந்த 38உம் தரையில் நின்றன, மற்றவை பறந்தன. ஆஸ்திரேலியாவில் குவான்டாஸ் தன் 33 விமானங்களைப் பார்த்து மூன்றில் கண்டதும், அந்நாட்டுப் பொறியாளர் சங்கமே அந்த ரகம் முழுவதையும் நிறுத்தச் சொன்னது. சக தொழிலாளிகள் என்ற மரியாதையோடு அவர்களோடு முரண்படுகிறேன். எங்கே விரிசல் வருகிறது, எத்தனை சைக்கிளுக்கு மேல் வருகிறது என்று தெரிந்துவிட்ட இடத்தில், வரிசைப்படுத்தித் தேடுவதுதான் அறிவு. ஏழு நாள், ஆயிரம் சைக்கிள் என்ற கெடுக்களை அலட்சியத்தின் அடையாளமாகப் படிப்பது தவறு. விரிசல் வளரும் வேகத்தை அளந்து, அதைவிட வேகமாக ஓடுவதற்காக வைத்த கெடுக்கள் அவை.

மொத்தமாக நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். காரணம் தெரியாதபோது, வேகம் தெரியாதபோது, எந்த விமானம் அடுத்தது என்று சொல்ல முடியாதபோது, ஒரு நிமிடமும் பறக்கவிடக் கூடாது. காமெட்டுக்கு அது பொருந்தியது. 1979இல் டிசி-10க்கு எஃப்.ஏ.ஏ. அதைத்தான் செய்தது. 2025 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் எம்டி-11 சரக்கு விமானம் ஒன்று கிளம்பும்போதே இடது எஞ்சின், அதை இறக்கையோடு பிணைக்கும் பைலன் என்ற தாங்கியோடு பிய்ந்து விழுந்தபோதும் அதுவே நடந்தது. ஆனால் அறியாமைக்கு மருந்தாக வந்ததை எல்லா விரிசலுக்கும் மருந்தாக்கினால், அடுத்த தடவை விரிசலைக் காண்பவன் தன் நிறுவனத்தின் விமானங்கள் அத்தனையும் தன் ஒரு கையெழுத்தில் நிற்கும் என்று தெரிந்துகொண்டுதான் விளக்கைப் பிடிப்பான். அந்தக் கை நடுங்கும்.

இந்த நடுக்கத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். விரிசல் என்றால் அவமானம் என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டும் இல்லை. அதே எண்ணம் மேலாளர்களின் அறையில் வேறு உடையில் உட்கார்ந்திருக்கிறது. மக்கள் அதைக் கூச்சலாக வெளியிடுகிறார்கள். நிறுவனங்கள் மௌனமாக வெளியிடுகின்றன. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

முன்னே சொன்ன டிசி-10ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1979 மே 25 அன்று சிகாகோவில் ஒரு டிசி-10 கிளம்பும்போது இடது எஞ்சினும் பைலனும் கழன்று விழுந்தன. தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 273 பேர் இறந்தார்கள். பராமரிப்பின்போது எஞ்சினையும் பைலனையும் சேர்த்தே ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்கிக் கழற்றிய குறுக்கு வழியில், பைலனின் பின்பக்க இணைப்பு அடிபட்டுப் பத்து அங்குலத்துக்கு மேல் விரிசல் விட்டிருந்தது. இதைவிட நெஞ்சை அறுப்பது ஒன்று உண்டு. அதற்கு முந்தைய மாதங்களில், அதே குறுக்கு வழியைக் கையாண்ட வேறொரு நிறுவனம் தன் இரண்டு டிசி-10களில் அதே இடத்தில் அதே சேதத்தைக் கண்டிருந்தது. கண்டார்கள், பழுது பார்த்தார்கள், பராமரிப்பில் நேர்ந்த சிறு பிழை என்று பதிந்துவிட்டுப் போய்விட்டார்கள். மற்ற நிறுவனங்களை உலுக்கி எழுப்பும்படி அந்தச் செய்தி எங்கும் ஒலிக்கவில்லை. ஒலித்திருந்தால், ஒரு கட்டாய ஆணையாக மாறியிருந்தால், அந்த 273 பேரின் கதை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டாயம் எதற்கு, நிறுவனங்கள் தாமாகவே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கட்டாயம் இருந்தே என்ன நடந்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 2006, 2007 ஆண்டுகளில் 46 போயிங் 737 விமானங்களைக் கட்டாய விரிசல் ஆய்வு முடிக்காமலேயே 59,791 தடவை பறக்கவிட்டது என்று எஃப்.ஏ.ஏ. குற்றம்சாட்டியது. ஆய்வு விடுபட்டது தெரியவந்த பிறகும் 1,451 தடவை பறந்தன. பிறகு தேடியபோது ஆறு விமானங்களில் விரிசல் இருந்தது. எஃப்.ஏ.ஏ.வின் ஆய்வாளர்கள் இருவர் தங்கள் மேலதிகாரிகளையே எதிர்த்து 2008இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார்கள். 10.2 மில்லியன் டாலர் அபராதம் கேட்கப்பட்டு, 7.5 மில்லியனில் முடிந்தது. விமானம் எதுவும் விழவில்லை. அதனால் இந்தச் செய்தியை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டோம்? ஆறு விமானங்களில் விரிசலைக் கண்டதற்கு அதிர்ச்சியடைவோம். தேடாமல் போன 59,791 பறப்புகளைக் கடந்துவிடுவோம். நம் கோபம் தலைகீழாக நிற்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

என் கண் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதிகாலை இரண்டரை மணி. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் எடி கரன்ட் முனையை ஓட்டிக்கொண்டிருந்தான். திரையில் புள்ளி துள்ளியது. மறுபடி ஓட்டினான், மறுபடியும் துள்ளியது. பொறுப்பாளர் வந்தார். "வெறும் கீறலா இருக்கும்டா. இன்னொரு தடவை பாரு" என்றார். மூன்றாவது தடவையும் பார்த்தான். "கீறல் இல்ல சார். விரிசல்தான். எழுதிட்டேன்" என்றான். குரல் உடைந்திருந்தது, ஆனால் டாஸ்க் கார்டில், அதாவது வேலைப் பதிவுச் சீட்டில், எழுதிய கை உறுதியாக இருந்தது. விமானம் ரத்தானது. காலையில் பயணிகள் கூடி நின்று ஊழியர்களைக் கண்டபடி ஏசினார்கள். மறுநாள் பத்திரிகையில் 'விரிசல் விமானம்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. ஒரு வாரத்தில் அந்தப் பையனை அந்த வேலையிலிருந்து மாற்றி, உதிரி பாகக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கிடங்கு வாசலில் என்னிடம் கேட்டான்: "அண்ணே, அடுத்த தடவை நான் பார்க்காத மாதிரி போயிடணுமா?" அன்றும் இன்றும் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அவனைக் கிடங்குக்கு அனுப்பியது மேலாளர் மட்டுமா? விமானம் நின்றதற்குக் கூச்சலிட்ட கூட்டமும், கொட்டை எழுத்தில் அச்சிட்ட பத்திரிகையும் அந்த மாற்றல் ஆணையில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வியை இப்போது எடுத்துக்கொள்கிறேன். ஆய்வை இவ்வளவு போற்றுகிறீரே, ஆய்வையும் மீறி விமானங்கள் விழவில்லையா என்பார்கள். விழுந்திருக்கின்றன. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹோனோலுலு போன அலோஹா நிறுவனத்தின் போயிங் 737, 24,000 அடி உயரத்தில் கூரையைப் பறிகொடுத்தது. முன்பகுதியில் சுமார் 18 அடி நீளத்துக்கு மேற்கூரை பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுக்கப்பட்டு இறந்தார். மற்ற 94 பேரோடு விமானிகள் அதை மாவுய் தீவில் இறக்கியது பெரும் சாதனை. அந்த விமானம் 89,680 பறப்புகளை முடித்திருந்தது. தீவுக்குத் தீவு தாவும் குறுகிய பயணங்கள், ஒவ்வொன்றும் சராசரியாக அரை மணி நேரம்கூட இல்லை. கடல் உப்பு, ஒட்டுப் பசை விட்ட தகட்டு மூட்டுகள், ரிவெட்டுக்கு ரிவெட் சிறு சிறு விரிசல்கள். ஒரு நாள் அவை ஒன்றோடொன்று கைகோத்தன. இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். தயாரிப்பாளரின் அறிவிப்பு பல மூட்டுகளைப் பார்க்கச் சொல்லியிருந்தும், எஃப்.ஏ.ஏ.வின் கட்டாய ஆணை அவற்றில் சிலவற்றோடு நின்றுகொண்டது. விமானத்தில் ஏறும்போதே உடலில் ஒரு விரிசலைப் பார்த்த பயணி ஒருவர் யாரிடமும் சொல்லவில்லை. கட்டாயம் குறைந்த இடத்திலும், சொல்லத் தயங்கிய இடத்திலும் கூரை போனது.

2002 மே 25 அன்று தைவான் நீரிணை மேல் சிதறி 225 பேரைப் பலிகொண்ட சீனா ஏர்லைன்ஸ் 747இன் கதையும் இதுதான். 1980இல் ஹாங்காங்கில் வால் உரசியது. அடிபட்ட தோலை வெட்டி எறியாமல் அதன் மேல் தகடு ஒட்டினார்கள். ஒட்டிய தகடே விரிசலை 22 ஆண்டுகள் மூடி மறைத்தது. பழைய ஒட்டுகளையெல்லாம் மறுமதிப்பீடு செய்யும் ஆய்வு அந்த விமானத்துக்கு அதே 2002 நவம்பருக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. ஆறு மாதம் பிந்திவிட்டது. லூயிவில் விமானத்திலும் பைலனின் பின்பக்கப் பிணைப்பில் சோர்வு விரிசல்களைக் கண்டார்கள். அந்த இடத்துக்கான நுட்பமான ஆய்வு சுமார் 29,000 சைக்கிளில்தான் என்று அட்டவணை சொன்னது. விமானம் முடித்திருந்ததோ சுமார் 21,000.

இவை ஆய்வுக்கு எதிரான சாட்சிகளா? ஒவ்வொன்றும் இன்னும் விரிவாக, இன்னும் முன்னதாக, இன்னும் கட்டாயமாகத் தேடியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. அட்டவணையை முன்னே இழுப்பது எது? வேறொரு ஹேங்கரில், வேறொரு இரவில், யாரோ கண்டு எழுதிய விரிசல். ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அடுத்த விமானத்தின் கெடுவைச் சுருக்குகிறது. கண்டவன் வாயைத் திறக்காவிட்டால் அட்டவணை குருடாகவே இருக்கும். ஆய்வாளனும் மனிதன்தான்; நடுநிசியில் சாரத்தில் தொங்கிக்கொண்டு ஆயிரம் ரிவெட்டுகளைப் பார்ப்பவனுக்குக் கண் அசதி வரும். அவனுக்கு நல்ல வெளிச்சம் கொடுங்கள், ஓய்வு கொடுங்கள், இரண்டாவது ஜோடிக் கண்களைக் கொடுங்கள். கிளம்பும் நேரத்தைச் சொல்லி அவன் தோளைத் தட்டாதீர்கள்.

அடுத்த தடவை இந்தச் செய்தி வரும்போது என்ன கேட்க வேண்டும்? ஆணை எந்தத் தேதியில் வந்தது, கெடு என்ன, நம் நாட்டு நிறுவனங்கள் அதை எந்தத் தேதியில் முடித்தன என்று கேளுங்கள். எத்தனை விமானத்தில் கண்டார்கள் என்பதை வெளியிடச் சொல்லுங்கள். அதிகம் கண்டவரை ஏசுவதற்கு முன், ஒன்றுமே காணவில்லை என்பவரிடம் எப்படித் தேடினீர்கள் என்று கேளுங்கள். கண்டு எழுதிய தொழிலாளிக்கு வேலையில் என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். பத்திரிகை நண்பர்களே, 'விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது' என்பதைவிட 'விரிசல் ஆய்வு விடுபட்டது' என்பதுதான் முதல் பக்கத்துக்குரிய செய்தி. அந்தக் கொட்டை எழுத்துகளை அதற்காக எடுத்து வையுங்கள்.

என் அண்ணன் மகள் ஊர் போய்ச் சேர்ந்து பேசினாள். குழந்தை வழியெல்லாம் தூங்கியதாம். கிளம்பும்போது ஏதோ ஆய்வு முடியவில்லை என்று இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்களாம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று சண்டை போட்டார்களாம். "நான் சத்தம் போடல சித்தப்பா" என்றாள். "பொறுமையாப் பாத்து முடிக்கட்டும்னு உக்காந்திருந்தேன்."